92 அடிப்பதா, 95 அடிப்பதா: உங்கள் எஞ்சின் எந்த நாட்டுப் பெற்றோலுக்குச் செய்யப்பட்டது?

போன மாதம் வெள்ளவத்தையில் இருக்கிற நண்பன் ஒருவன் பெற்றோல் ஷெட்டில் நின்றபடியே போன் எடுத்தான். ஹொண்டா சிவிக் ஒரு லீற்றர் டர்போவைப் புதிதாக வாங்கியிருந்தான், பாவித்த வண்டிதான், ஆனால் நல்ல நிலைமை. "மச்சான், அமெரிக்காவில சிவிக் டர்போவுக்கு 87 அடிச்சாலே போதும் எண்டு கம்பனியே சொல்லுது. எங்களிட்ட இருக்கிறது 92. பிறகு எதுக்கு 95க்குக் காசு குடுக்கிறது?" என்று கேட்டான். பின்னால் நிற்கிற ஆள் ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டது. இப்போதைக்கு 95 அடி, மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். அந்த மிச்சம்தான் இந்தக் கட்டுரை. அவனுடைய கேள்வி நியாயமான கேள்வி, கொழும்பில் வேகமான வண்டி வைத்திருக்கிற பலரும் கேட்கிற கேள்வி, ஆனால் அதற்குள் சில வேறு வேறு குழப்பங்கள் சேர்ந்து கிடக்கின்றன.

முதலில் அந்த 87. அமெரிக்க ஷெட்டில் மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிற 87 என்ற எண்ணும், எங்கள் பம்பில் எழுதியிருக்கிற 92 என்ற எண்ணும் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல. இந்த எண்கள் குறிப்பது ஒக்டேனை, அதாவது பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுக்கும் என்பதை. அதை அளக்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இரண்டுமே கொம்ப்ரஷனை, அதாவது உள்ளே கலவையை நெருக்குகிற அளவை, ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் செய்யப்படுகிறவை. ஒன்று 600 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 600 சுற்றில், லேசான நிலைமையில் செய்வது, அதற்கு ரோன் என்று பெயர். மற்றது 900 ஆர்பிஎம்மில், உள்ளே போகிற கலவையைச் சூடாக்கி, எஞ்சினை வாட்டி எடுத்துச் செய்வது, அது மோன். ஒரே பெற்றோலுக்கு மோன் எண் வழக்கமாக ரோனை விட 8 முதல் 10 வரை குறைவாக வரும். இலங்கை, ஜப்பான், ஐரோப்பா எல்லாம் பம்பில் எழுதுவது ரோன். அமெரிக்காவும் கனடாவும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகின்றன. ஆகவே அமெரிக்க 87 என்பது எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 91, 92. அமெரிக்க 91 என்பது எங்கள் 95, 96. அவர்களுடைய 93 எங்கள் 98ஐத் தொடும்.

இது தெரியாமல் அமெரிக்கர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு பிரீமியம், 91 வேணுமாம், எங்கட சாதாரண பெற்றோலே 92தானே" என்று நிம்மதியாக 92 அடித்துக்கொண்டு திரிகிறவர்களை நான் நேரில் சந்தித்திருக்கிறேன். அவர்கள் அடிப்பது அமெரிக்கர்களின் சாதாரணப் பெற்றோலுக்குச் சமமானது. எங்கள் 95தான் அவர்களுடைய பிரீமியத்துக்குப் பக்கத்தில் வருகிறது, அதுவும் ஒரு மயிரிழை குறைவாக.

இப்போது என் நண்பனின் சிவிக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 87 போதும் என்று ஹொண்டா சொன்னது அங்கே விற்ற 1.5 லீற்றர் டர்போவுக்கு. இவனிடம் இருப்பது 1.0 லீற்றர், பிரித்தானியாவிலிருந்து வந்தது. எஞ்சின் ஆயிரம் சிசிக்குள் இருந்தால் வரி குறைகிறது என்பதற்காக ஒரு காலத்தில் இங்கே குவிந்த வண்டி அது. பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோலே 95 ரோன். அதை விடக் குறைந்த பெற்றோல் அந்த ஊர் ஷெட்டில் இல்லை, ஆகவே அந்த எஞ்சினை உருவாக்கியவர்கள் 95க்குக் கீழே ஒன்றை யோசித்திருக்கவே தேவையில்லை. 1000 சிசியில் 129 குதிரைவலு எடுக்கிறார்கள் என்றால் அந்தச் சின்ன மூன்று சிலிண்டருக்குள் டர்போவை வைத்து எவ்வளவு காற்றை அடைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அளவுள்ள இன்னொரு மூன்று சிலிண்டர் டர்போவும் இப்போது கொழும்பு முழுக்க ஓடுகிறது, டொயோட்டா ரைஸ். அதுவும் ஒரு லீற்றர், அதுவும் டர்போ. ஆனால் அது ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்யப்பட்டது, குதிரைவலுவும் 98தான். அதற்கு எங்கள் 92 தாராளமாகப் போதும், 95 அடிப்பது காசை வீணாக்குவது. சிசியும் ஒன்று, டர்போவும் ஒன்று, ஆனால் தேவை வேறு. வண்டி பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கிறதா, போனட்டுக்குள் டர்போ இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஹொண்டா எஸ்660ஐ எடுத்துக்கொள்ளுங்கள், கூரையைக் கழற்றுகிற இருவர் ஸ்போர்ட்ஸ் கார், டர்போவும் உண்டு, ஜப்பானில் சாதாரணப் பெற்றோலில்தான் ஓடுகிறது. மாறாக மாஸ்டா ரோட்ஸ்டரின் 1.5 எஞ்சினுக்கு டர்போவே கிடையாது, அது பிரீமியம் கேட்கிறது.

சரி, ஒக்டேன் என்றால் உண்மையில் என்ன? பலர் நினைப்பது போல அது பெற்றோலின் பலம் இல்லை. 95இல் 92ஐ விட அதிக சக்தி கிடையாது, ஒரு லீற்றரை எரித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும். எதனோலைப் பாருங்கள், அதன் ரோன் 105ஐயும் தாண்டும், ஆனால் ஒரு லீற்றரில் பெற்றோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 95 சீக்கிரம் எரியும், மெதுவாக எரியும் என்று சொல்வதும் சரியில்லை. ஒக்டேன் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான். பிளக் பொறி தட்டாமல், வெறும் அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அந்தப் பெற்றோல் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்பதை. ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்குப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டார்கள். 92 என்றால் 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு இதுவும் பொறுக்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பொறுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் பரவுகிறது, இது வெடிப்பு இல்லை, மிக வேகமான எரிதல். பரவுகிற தீ தனக்கு முன்னால் இன்னும் எரியாமல் மூலையில் இருக்கிற கலவையை நெருக்கிச் சூடாக்குகிறது. தீ வந்து சேரும் வரை அந்தக் கலவை காத்திருந்தால் பிரச்சினை இல்லை. காத்திருக்க முடியாமல் தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் அழுத்த அலை சிலிண்டருக்குள் அங்குமிங்கும் மோதும். அதுதான் நொக்கிங். தகர டப்பாவுக்குள் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். சாதாரணமாக பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய வாயுப் படலம் இருக்கும், எரிகிற வாயுவின் சூடு நேராக அலுமினியத்தில் படாமல் காப்பது அதுதான். நொக்கிங் அலை அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் லேசாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பாரத்தோடு, டர்போ காற்றை அடைக்கிற பூஸ்டோடு, திரும்பத் திரும்ப நடந்தால் பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய பகுதி உடைகிறது, அல்லது பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படுகிறது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எஞ்சின் தேடி அலைகிற நாள் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

கொம்ப்ரஷன் கூடினால், டர்போ கூடுதலாகக் காற்றை அடைத்தால், உள்ளே வருகிற காற்று சூடாக இருந்தால், இவை ஒவ்வொன்றும் நொக்கிங்கை நெருக்கிக் கொண்டுவருகின்றன. கொழும்பில் வெயில் 31, 32 பாகை இருக்க, காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைக்கு ஊர்ந்து போகிறபோது போனட்டுக்குள் இருக்கிற சூட்டை நினைத்துப் பாருங்கள், டர்போ அனுப்புகிற காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரும் சூடாகிவிடும், அந்த நிலைமையில் சந்தி கடந்ததும் அழுத்தி மிதித்தால் எஞ்சினுக்குக் கிடைப்பது சுடு காற்று. காற்றின் ஈரம் நொக்கிங்கைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் இந்தச் சூட்டை அது ஈடு செய்யாது. நுவரெலியாவில் நிலைமை மாறுகிறது. கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லியது, குளிரும் கூட, டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே குறைந்த ஒக்டேன் போதும். அமெரிக்காவின் மலைப் பகுதிகளில் 85 விற்பது அந்தக் கணக்கில்தான். ஆனால் அங்கே போகிற வழியில், ஐந்து பேரும் பையும் வைத்துக்கொண்டு கடுகண்ணாவை ஏறுகிறீர்களே, அந்த ஏற்றத்தில்தான் எஞ்சின் உண்மையில் சோதிக்கப்படுகிறது.

இப்போதைய வண்டிகளில் நொக் சென்சர் இருக்கிறது, அதனால் எதை அடித்தாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தப் பேச்சில் பாதி உண்மை. சென்சர் எஞ்சின் புளொக்கில் பொருத்தப்பட்ட ஒரு காது, சில ஆயிரம் ஹெர்ட்ஸில் வருகிற அந்தக் குறிப்பிட்ட அதிர்வைக் கேட்டதும் கம்ப்யூட்டர் பொறி தட்டுகிற நேரத்தைப் பின்தள்ளுகிறது, டர்போ என்றால் பூஸ்டையும் குறைக்கிறது. எஞ்சின் தப்பிக்கிறது. ஆனால் கவனியுங்கள், முதல் நொக் நடந்த பிறகுதான் சென்சர் அதைக் கேட்கிறது. பொறியைத் தள்ளிப்போட்டால் எரிதல் தாமதமாகிறது, சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்சோஸ்ட் வழியாக வெளியேறுகிறது, டர்போவும் புகையைச் சுத்திகரிக்கிற கட்டலைற்றிக் கொன்வேர்ட்டரும் அந்தச் சூட்டை வாங்குகின்றன, பிக்கப் குறைகிறது, பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கிறது. சென்சர் ஒரு பாதுகாப்பு வலை. ஒவ்வொரு நாளும் அந்த வலையில் விழுந்து விழுந்து எழும்பினால் வலையும் ஒரு நாள் தளர்ந்துவிடும்.

எவ்வளவு வலு குறையும் என்பதை மாஸ்டா நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதன் 2.5 லீற்றர் டர்போ எஞ்சின் அமெரிக்கர்களின் 87இல் 227 குதிரைவலு, 93இல் 250. ஒரே எஞ்சின், ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை, பெற்றோலை மாற்றியதும் 23 குதிரைவலு வித்தியாசம். நேர்மையாக அறிவித்ததற்காக எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் தனி மரியாதை உண்டு. அதேசமயம் இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. டொயோட்டா விட்ஸ் 1.0க்கோ சாதாரண வேகன் ஆருக்கோ 95 அடித்தால் ஒரு குதிரைவலுகூடக் கூடாது, ஏனென்றால் 92இலேயே அந்த எஞ்சின் பொறி நேரத்தைப் பின்தள்ளாமல் தன் முழு டைமிங்கில் ஓடுகிறது, அதற்கு மேல் போக அதற்கு வழியே இல்லை. "95 அடிச்சதும் வண்டி பறக்குது" என்று விட்ஸ் ஓட்டுகிற ஒருவர் சொன்னால் அவருக்குச் சந்தோஷம், ஆனால் பறப்பது வண்டி இல்லை.

இப்போது ஜப்பான் வண்டிகளுக்கு வருவோம், எங்கள் தெருக்களில் வேகமான வண்டி என்றால் பெரும்பாலும் அதுதானே. ஜப்பானில் பெற்றோல் இரண்டு வகை. சாதாரணம், அதன் தரக்கட்டுப்பாடு குறைந்தது 89 ரோன். மற்றது பிரீமியம், அவர்கள் ஹைஒக்கு என்று சொல்வது, அதற்குக் குறைந்தது 96, ஷெட்டில் விற்கப்படுவது 98, 100. அந்த இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஜப்பானில் சாதாரணம் என்று குறிக்கப்பட்ட வண்டிக்கு எங்கள் 92 தாராளம். ஆனால் பிரீமியம் என்று குறிக்கப்பட்ட வண்டிக்கு எங்கள் 95கூட அவர்களுடைய ஆகக் குறைந்த 96ஐத் தொடவில்லை. சுபாரு எஸ்டிஐ, லான்சர் எவலூஷன், டொயோட்டா 86, 1.6 டர்போ ஜிஆர் யாரிஸ், சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட், சிவிக் டைப் ஆர், இவற்றின் ஜப்பானிய வடிவங்கள் எல்லாமே ஹைஒக்குக்குப் பிறந்தவை. இவற்றில் 95 அடிப்பதே ஒரு விட்டுக்கொடுப்பு, 92 அடிப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். காசு கொடுத்து அந்த எஞ்சினை வாங்கியவர் பெற்றோலில் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

எது உங்களுடையது என்று அறிய ஒரு நிமிடம் போதும். பெற்றோல் அடிக்கிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், போன் கமராவின் மொழிபெயர்ப்பைக் காட்டினால் சாதாரணமா பிரீமியமா என்று சொல்லிவிடும். ஐரோப்பிய வண்டி என்றால் 95 அல்லது 98 என்று எண்ணிலேயே இருக்கும். கையேட்டில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள், "கட்டாயம்" என்பது ஒன்று, "பரிந்துரை" என்பது வேறு. பரிந்துரை என்றால் குறைந்த பெற்றோலில் கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும், வலு மட்டும் குறையும். கட்டாயம் என்றால் கட்டாயம்தான்.

ஸ்டிக்கர் பொய் சொல்கிற ஒரு சந்தர்ப்பமும் உண்டு, அது இங்கேதான் அதிகம் நடக்கிறது. ஈகே3 சிவிக்கை வாங்கி, அதன் 1.5 எஞ்சினை இறக்கிவிட்டு, டைப் ஆரின் பி16பி எஞ்சினை ஏற்றுவது கொழும்புப் பொடியன்களின் பழைய கனவு. மூடியில் இன்னும் சாதாரணப் பெற்றோல் என்றே எழுதியிருக்கும். உள்ளே இருப்பதோ 10.8 கொம்ப்ரஷனில் 1.6 லீற்றரிலிருந்து டர்போ இல்லாமலே 185 குதிரைவலு எடுக்கிற எஞ்சின். அப்படியான வண்டியை ஒரு கைமாறி இரண்டு கைமாறி வாங்கியவர் மூடியைப் பார்த்து 92 அடித்துக்கொண்டிருப்பார். எஞ்சின் மாற்றிய வண்டியில் மூடியை நம்பாதீர்கள், புளொக்கில் பொறித்திருக்கிற எஞ்சின் எண்ணைப் பாருங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி ரீமேப் செய்த வண்டிகளும் இப்படித்தான். ஜப்பானில் 100 ஒக்டேனுக்கு டியூன் செய்து ஓடிய எவலூஷனை அப்படியே இறக்கி இங்கே 95இல் விரட்டுவது ஆபத்து, முதலில் எங்கள் பெற்றோலுக்கு டியூனை மாற்ற வேண்டும், அதன் பிறகு மிதிக்கலாம்.

கொம்ப்ரஷன் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களும் தவறுகிறார்கள். டொயோட்டா அக்குவாவின் எஞ்சினில் கொம்ப்ரஷன் 13.4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து பயந்துபோய் 95 அடித்த ஒரு அண்ணாவை எனக்குத் தெரியும். அந்த எஞ்சினில் காற்று உள்ளே வருகிற வால்வு தாமதமாகத்தான் மூடுகிறது, வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடும், ஆகவே உண்மையான நெருக்கம் அந்த எண் சொல்வதை விட நன்றாகக் குறைவு. ஜப்பானில் அது சாதாரணப் பெற்றோல் வண்டி. அவரிடம் சொன்னேன், இப்போது 92 அடிக்கிறார், வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025 ஜூலையில் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 305 ரூபா, 95 பெற்றோல் ஒரு லீற்றர் 341 ரூபா. வித்தியாசம் 36 ரூபா, கிட்டத்தட்ட 12 வீதம். நாற்பது லீற்றர் தாங்கிக்கு 1,440 ரூபா, வாரம் ஒரு தாங்கி என்றால் வருடத்துக்கு 75,000 ரூபாவை நெருங்கும். சின்னக் காசு இல்லை. கூடுதலாக ஓடிக் காசைத் திருப்பித் தரும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகளின் அமைப்பு 2017இல், பிரீமியம் "பரிந்துரை" செய்யப்பட்ட வண்டிகளை வைத்தே சோதித்துப் பார்த்தது. சராசரியாக எரிபொருள் சிக்கனம் 2.7 வீதம் கூடியது, வலு 1.4 வீதம் கூடியது. 12 வீதம் கூடக் கொடுத்து 2.7 வீதம் திரும்பப் பெறுவது கணக்காகாது. ஆகவே மிச்சம் பிடிப்பதற்காக 95 அடிக்காதீர்கள், அந்த வாதம் நிற்காது. எஞ்சினுக்குத் தேவை என்பதால் அடியுங்கள், தேவையில்லை என்றால் அந்த 75,000 ரூபாவை நல்ல டயருக்கும் ஒயிலுக்கும் போடுங்கள், வண்டி உங்களுக்கு நன்றி சொல்லும்.

ஒயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன டர்போ வண்டிகளில் பெற்றோலை விட சில சமயம் இது முக்கியம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோலைத் தெளிக்கிற சின்ன டர்போ எஞ்சின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிக்கிறபோது, பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிற ஒரு நோய் உண்டு. ஒயில் துளியும் காபன் துகளும் அதற்குக் காரணமாகின்றன. அடி ஒன்றே பிஸ்டனை உடைக்கக்கூடியது, 95 அடித்தால் மட்டும் இது நின்றுவிடாது. இதையும் தடுக்கிற மாதிரி 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற ஒயில் தரம் வந்தது. டின்னின் பின்பக்கம் எஸ்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். மனுவல் கியர் என்றால் 1,500 ஆர்பிஎம்மில் ஐந்தாவது கியரில் வைத்து மிதிக்காதீர்கள், ஒன்று இறக்கி மிதியுங்கள்.

95 எஞ்சினைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சுத்தம் செய்வது ஒக்டேன் இல்லை, பெற்றோலில் சேர்க்கிற டிடர்ஜென்ட். நேரடித் தெளிப்பு எஞ்சினில் பெற்றோல் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை, ஆகவே எந்தப் பெற்றோலும் அந்த வால்வில் படிந்த காபனைக் கழுவாது. அது கராஜில் செய்கிற வேலை. எங்கள் 95 பெற்றோல், யூரோ 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வருவதால் கந்தகம் குறைவு, அது கட்டலைற்றிக் கொன்வேர்ட்டருக்கு நல்லது, அந்த நன்மையை மட்டும் நான் மறுக்கவில்லை.

ஒக்டேன் பூஸ்டர் போத்தல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். போத்தலில் 10 புள்ளி கூட்டும் என்று எழுதியிருந்தால் 92 என்பது 102 ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த வியாபாரத்தில் ஒரு புள்ளி என்பது வழக்கமாக ஒக்டேனில் பத்தில் ஒரு பங்கு, 10 புள்ளி என்றால் 92 என்பது 93 ஆகும், அவ்வளவுதான். பலவற்றில் இருக்கிற மாங்கனீஸ் சேர்மம் பிளக்கில் செம்மஞ்சள் நிறமாகப் படியும். போத்தல் விலையில் பத்து லீற்றர் 95 கூடுதலாக அடிப்பது எவ்வளவோ மேல். சின்ன விமானத்துக்கு அடிக்கிற பெற்றோல் கிடைக்குமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம், அதில் ஈயம் இருக்கிறது, ஒக்சிஜன் சென்சரும் கொன்வேர்ட்டரும் நாசமாகிவிடும். தெருவில் ஓடுகிற பெற்றோலிலிருந்து 2002இலேயே நாங்கள் ஈயத்தை எடுத்துவிட்டோம், எங்கள் பிள்ளைகளின் மூச்சுக்காக எடுத்தது அது, திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

அப்புறம், தவறி 92 அடித்துவிட்டால் என்ன செய்வது? எனக்கே நடந்தது. ஒரு ஷெட்டில் 95 என்று சொல்லிவிட்டுப் போனில் பேசிக்கொண்டு நின்றேன், பில்லைப் பார்த்தபோது 92. தாங்கியைக் கழற்ற வேண்டிய அவசியம் எல்லாம் இல்லை. பாதித் தாங்கி 92, பாதித் தாங்கி 95 என்றால் கலவை கிட்டத்தட்ட 93.5. அடுத்த ஷெட்டில் இருக்கிற இடத்துக்கு 95 நிரப்புங்கள், அது தீரும் வரை முழுசாக மிதிக்காதீர்கள், ஏற்றத்தில் கியரை இறக்கிப் போங்கள். 2022இல் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சமாளித்தோம். அந்த ஜூன் கடைசியில் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா, 95 பெற்றோல் ஒரு லீற்றர் 550 ரூபா, ஆனால் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை, கிடைக்குமா என்பதுதான் பேச்சு. பிறகு கியூஆர் கோட் வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். வரிசையில் இரவு முழுக்கக் காருக்குள் தூங்கியவர்கள் பம்பில் என்ன வந்ததோ அதை அடித்தார்கள், எஸ்டிஐ வைத்திருந்தவரும் 92 அடித்தார். நிதானமாக ஓட்டியவர்களின் எஞ்சின்கள் இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. டர்போ பூஸ்டுக்குள் போகாத வரை 92இலும் அந்த எஞ்சின் அமைதியாக இருக்கும்.

உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறது என்று நேரில் பார்க்க ஆசையாக இருந்தால், வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களை வாசிக்கிற ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் போனில் இணையுங்கள். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே பாரம், உதாரணத்துக்கு கொட்டாவையில் ஏறி தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட இடம் வரை. மூன்று தாங்கி 92, மூன்று தாங்கி 95. ஒரு தாங்கியில் முடிவு சொல்லாதீர்கள், கம்ப்யூட்டர் புதிய பெற்றோலுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பொறி டைமிங்கையும், நொக்கிங்கால் எவ்வளவு பின்தள்ளுகிறது என்ற எண்ணையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் 92 போதும். 92இல் ஒவ்வொரு ஏற்றத்திலும் பின்தள்ளுகிறது என்றால் உங்கள் எஞ்சினே பதிலைச் சொல்லிவிட்டது. சுபாருக்காரர்கள் பார்க்க வேண்டியது டாம் என்ற எண், நொக்கிங் கேட்டால் கம்ப்யூட்டர் குறைக்கிற டைமிங் அளவு, அது 1இல் நிற்க வேண்டும், இறங்கினால் பெற்றோலையோ எஞ்சினையோ சந்தேகப்படுங்கள்.

வெள்ளவத்தை நண்பன் இப்போது 95தான் அடிக்கிறான். போன வாரம் யாழ்ப்பாணம் போகப் போகிறேன், வழியில் எல்லா ஷெட்டிலும் 95 இருக்காதே என்று கேட்டான். கொழும்பிலேயே தாங்கியை நிரப்பு, அந்த வண்டிக்கு 400 கிலோமீற்றர் ஒரே தாங்கியில் போய்ச் சேரலாம், ஆள் நடமாட்டமில்லாத ஷெட்டில் மாதக்கணக்கில் கிடக்கிற 95ஐ விட ஓட்டமுள்ள ஷெட்டின் 95 எப்போதும் நல்லது என்றேன். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் அனுப்பியிருந்தான், தாங்கியில் இன்னும் ஒரு கோடு மிச்சமாம்.